வேலிச்செடிக்கு எந்தப் பிறை?

என் தையல் மெஷின் பக்கவாட்டு ஜன்னலில் இருக்கிறது. தெருப்பக்க ஜன்னலில் வைத்தால் வெளிச்சம் நன்றாக வரும் என்று பலர் சொல்லியாயிற்று. வெளிச்சம் வரும், சரி. ஆனால் எங்கள் தெருவில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு நாலு சைக்கிள், ஒரு பால் லாரி. பக்கத்து வீட்டு முற்றத்திலோ மனிதர்கள் இருக்கிறார்கள். முப்பது வருஷமாகக் கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக்கொண்டே அந்த முற்றத்தில் மூன்று குடும்பங்கள் வந்துபோனதைப் பார்த்துவிட்டேன். ஒரு கல்யாணம், கணக்கில்லாத சண்டைகள், கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பன்றி தப்பி ஓடிய ஒரு மத்தியானம். என் கணவர் ருபேன் போன பிறகு நான் டி.வி.யைக்கூடப் போடுவதில்லை. அந்த ஜன்னல்தான் எனக்கு எல்லாம்.

ஒட்டுக்கேட்பது வேறு, பார்ப்பது வேறு. நான் பார்ப்பவள் மட்டும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எங்களுக்குக் குளிர்காலமான ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் கியூபாக்காரன் ஒஸ்னியேல் ஒரு தள்ளுவண்டி நிறையக் கன்றுகளைக் கொண்டுவந்து இறக்கினான். ஈரச் சாக்கில் சுற்றிய லிகுஸ்த்ரினா கன்றுகள். மொத்தம் நாற்பது. எண்ணிவிட்டேன். உருகுவாயில் பாதி வீடுகளுக்கு அந்தச் செடிதான் வேலி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அதுவரை இடுப்பளவு கம்பிவலைதான் இருந்தது. அதை ஒட்டி, என் ஜன்னலுக்கு நேர் எதிரே, கயிறு பிடித்துக் குழி தோண்ட ஆரம்பித்தான்.

கையிலிருந்த கால்சட்டையைக் கீழே வைத்தேன். லிகுஸ்த்ரினா அடர்ந்து நெஞ்சுயரம் வந்துவிட்டால் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதே தெரியாது. உட்கார்ந்து தைக்கிறவளுக்கு முன்னால் ஒரு பச்சைச் சுவர், அவ்வளவுதான். அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து குடைந்தது. இவன் எதை மறைக்கப் போகிறான்? காலை ஐந்து மணிக்கு சீஸ் தொழிற்சாலைக்குப் போகிறான். மூன்று மணிக்கு வருகிறான். இரண்டு சட்டை துவைக்கிறான். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து ஊரில் இருக்கும் மனைவி மைலினோடு ஃபோனில் பேசுகிறான். அவளுக்கு விசா பேப்பர் வரவேண்டும் என்பான், அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

சாயங்காலம் அவனே கம்பிவலை ஓரம் வந்தான்.

"என் உயிரே, ஒரு சந்தேகம்."

யாரைப் பார்த்தாலும் அவனுக்கு 'என் உயிரே'தான். அவன் ஊரில் ரொட்டிக் கடைக்காரியைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்களாம். முதல் தடவை கேட்டபோது ஐம்பத்தொன்பது வயதில் எனக்குக் காது சிவந்துவிட்டது. அப்புறம் பழகிவிட்டது.

"கேளு," என்றேன்.

"நர்சரிக்காரர் எல்லாக் கன்னையும் பாதிக்குப் பாதி வெட்டச் சொல்றாரு. வெட்டினாத்தான் அடியிலேருந்து கிளை வெடிச்சு அடர்த்தியா வருமாம். இன்னிக்குத்தான் நட்டேன், இன்னிக்கே வெட்டுறதான்னு மனசு வரமாட்டேங்குது."

"நீ ஊர்ல முடிவெட்டுற கடைதானே வச்சிருந்தே? இதுக்குப் போயி இப்படித் தயங்கலாமா?"

"தலைன்னா அது பாட்டுக்குத் திரும்ப வளரும், சுல்மாம்மா. இது வளருமான்னு யாரு கண்டா?"

"வளரும், வளரும். வெட்டு."

"பிறை பார்த்து வெட்டணும்னும் சொன்னாரு. எந்தப் பிறைன்னு அங்க தலையை ஆட்டிட்டு வந்துட்டேன், இங்க மறந்து போச்சு. வளர்பிறையா, தேய்பிறையா?"

எங்கள் பக்கத்தில் இது பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். தேய்பிறையில் கவாத்து செய்தால் செடியின் சத்து கீழே இறங்கும். அடியிலிருந்து கிளைவிட்டுப் புதராகும். வளர்பிறையில் வெட்டினால் சத்து மேலே ஓடும். ஒற்றைக் கம்பாக நெட்டையாக வளர்ந்து அடியில் மொட்டையாக நிற்கும். மொட்டை வேலிக்குள் கோழியும் நுழையும், பார்வையும் நுழையும்.

"வளர்பிறை," என்றேன்.

முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் சொன்னேன். 'இந்தக் கால்சட்டை உங்களைக் குண்டாகக் காட்டவே இல்லை' என்று முப்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய முகம் இது.

"வளர்பிறை. சரி, என் உயிரே. நீங்க இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன்," என்று போனான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. பகல் வந்த பிறகும் மேற்கே நிலா வெளிறிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. ஒஸ்னியேல் முற்றத்துக்கு வந்தான், அண்ணாந்து அதைப் பார்த்தான், தலையை ஆட்டிக்கொண்டான், கத்தரியை எடுத்தான். ஒவ்வொரு கன்றையும் இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, முடியைப் பிடிப்பது போலவே மேலே இழுத்து, நறுக் நறுக்கென்று வெட்டினான். முடிந்ததும் இரண்டடி பின்னால் போய் வரிசை சமமா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

நான் நிலாவைப் பார்த்தேன். பிறகு சமையலறைக்கு ஓடி, கறிக்கடைக்காரர் கொடுத்த காலண்டரைப் பார்த்தேன். தேய்பிறை. சந்தேகமே இல்லை, நல்ல தேய்பிறை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மெனக்கெட்டு என்னிடம் வந்து கேட்டுவிட்டு நேர்மாறாகச் செய்கிறானே. என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டானா? நர்சரிக்காரரிடம் மறுபடி போய்க் கேட்டானா? அப்படியானால் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பான்? மத்தியானம் துணி காயப்போடும் சாக்கில் வெளியே போனேன்.

"வெட்டியாச்சு போலிருக்கே."

"ஆமா. நீங்க சொன்ன பிறையிலயே வெட்டிட்டேன்," என்றான், பல் முழுக்கத் தெரிய.

நையாண்டியா, நிஜமா என்று அந்த முகத்திலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. நான் பொய் சொன்னேனே, அதை நீ ஏன் கேட்கவில்லை என்று யாராவது யாரிடமாவது கேட்க முடியுமா? காலிக் கூடையோடு உள்ளே வந்தேன்.

அக்டோபரில் ஒவ்வொரு கன்றின் அடியிலிருந்தும் நாலு, ஐந்து தளிர் வெடித்தது. ஒரு சாண் வளர்ந்ததும் அவற்றின் நுனியையும் வெட்டினான். அன்றும் தேய்பிறை. டிசம்பரில் ஒரு தடவை, பிப்ரவரியில் ஒரு தடவை. எல்லாம் தேய்பிறை. ஒவ்வொரு தடவையும், "நீங்க சொன்ன மாதிரியே, என் உயிரே." வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கோடை முடிவதற்குள் இடுப்புயரத்துக்கு ஒரு கைகூட நுழையாத புதர். எனக்கு வயிறு எரிந்தாலும் கண் மட்டும் அதை ரசித்தது. அவ்வளவு நேர்த்தியான வேலியை எங்கள் தெருவில் யாரும் வளர்த்ததில்லை.

என் சிநேகிதி நெல்பா ஒருநாள் பாவாடை இடுப்பைத் தளர்த்திக்கொள்ள வந்தவள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"உன் டி.வி.க்குத் திரை போட்டுட்டாங்க போல. இன்னும் எத்தனை நாள் ஓடும்?"

நடந்ததைச் சொன்னேன். அவளிடம் எதையும் மறைத்ததில்லை.

"பிறையாவது மண்ணாங்கட்டியாவது," என்றாள். "எந்த நாள்ல வெட்டினாலும் அது பொதரா வரத்தான் செய்யும். உனக்குக் கோவம் செடி மேல இல்ல. அவன் உன் பேச்சைக் கேக்கலைன்னு."

"கேட்டேன்னுதானே அவன் சொல்றான்."

"அப்ப அவன்கிட்டயே கேளு."

"எப்படிக் கேக்குறது, நீயே சொல்லு பார்ப்போம்."

அவள் பாவாடையை இன்னும் இரண்டு விரல் தளர்த்தச் சொன்னாள்.

அந்த மார்ச்சில் ஒரு செடி செத்தது. நாற்பதில் ஒன்று, என் ஜன்னலுக்கு நேராக இருந்தது. நான் துணி வெளுக்கிற தண்ணீர் ஓடி அங்கேதான் தேங்கும். வேண்டுமென்று செய்யவில்லை. இதைச் சொன்னால் நெல்பாகூட நம்பவில்லை, நீங்கள் நம்பவா போகிறீர்கள். ஜூலையில் அந்த இடத்தில் அவன் புதுக் கன்று ஒன்றை வைத்தான். ஒற்றைக் குச்சி, உச்சியில் நாலு இலை. இரண்டு பக்கமும் பச்சைச் சுவர் நெஞ்சை நோக்கி ஏறிக்கொண்டிருக்க, நடுவில் மட்டும் கதவகலத்துக்கு ஒரு சந்து. அந்தச் சந்து வழியே வாளி தெரிந்தது, துணிக்கொடி தெரிந்தது. எனக்கு அது போதும்.

அந்த ஜூலையில்தான் ஒருநாள் மழையில் அவன் வாளிமேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஃபோன் கையில் அணைந்து கிடந்தது. குடை இல்லை. தோள் இரண்டும் குலுங்கின. பேப்பர் மறுபடி தள்ளிப்போயிருக்க வேண்டும். நான் மெஷினை நிறுத்தினேன். போய்ப் பேச எனக்கு என்ன உரிமை? மழை பெய்தால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் மாவைத் தட்டிக் கொழுப்பில் பொரிப்போம். அன்று இரண்டு பங்கு மாவு பிசைந்தேன். பொரித்த ரொட்டியைத் துணியில் மூடி, தெருவைச் சுற்றிப் போய் அவன் கதவைத் தட்டி, "கணக்குத் தெரியாம நிறையச் சுட்டுட்டேன், வீணாப் போயிடும்," என்று கையில் திணித்துவிட்டு வந்தேன். அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் கம்பிவலை ஓரம் நின்று பேசிக்கொண்டிருந்தோம். சந்து இருந்ததே, அங்கேதான். நான் மாத்தே இலை ஊறிய வெந்நீரைக் குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தேன், அவன் கையில் காப்பி. இரண்டு வருஷமாகியும், "மாட்டுக்குப் போடுறதை வெந்நீர்ல போட்டுக் குடிக்கிறீங்களே," என்று என் மாத்தேவைப் பழிப்பதை அவன் விடவில்லை.

"இந்தப் புதுக் குச்சியையும் வெட்டணும்," என்றான். "காலைல வேலைக்குப் போறப்போ பார்த்தேன். வளர்பிறை வந்தாச்சு."

"காலைலயா?" என்றேன். "காலைல தெரியுறது தேய்பிறைடா."

"இல்லையே, என் உயிரே. வயிறு வலப்பக்கம் இருக்கே."

"வலப்பக்கம் வயிறு இருந்தா தேய்பிறை."

"வலப்பக்கம் இருந்தா வளர்பிறை. எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க, நாய்கூடச் சொல்லும்."

"உங்க ஊரு நாய்க்குக் கண்ணு கோளாறு."

காலண்டரை எடுத்துவந்து அவன் மூக்குக்கு நேரே பிடித்தேன். அன்றைய தேதிக்கு மேல் நிலாப் படம், வலப்பக்கம் வயிறு, கீழே தேய்பிறை என்று எழுத்து. அவன் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் அதைப் பார்த்தான். அப்புறம் வானத்தைப் பார்த்தான், அங்கே அப்போது மேகம்தான் இருந்தது.

"நிலாவையே தலைகீழா மாட்டி வச்சிருக்கீங்களே," என்றான்.

"நிலா நேராத்தான் இருக்கு. உலகத்தோட அடிப்பக்கம் வந்து நீதான் தலைகீழா நிக்கிற."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் என்னை அரித்த புழு வெளியே வந்து விழுந்துவிட்டது. பாவி நையாண்டி செய்யவே இல்லை. நான் சொன்ன பொய்யைச் சொல் பிசகாமல் நம்பி, அவன் ஊர் கணக்கில் பிறையைப் பார்த்து வெட்டியிருக்கிறான். தப்பின் மேல் தப்பு ஏறிச் சரியாகிவிட்டது.

"அப்ப இத்தனை தடவையும் தப்பான பிறையிலயா வெட்டினேன்? ஆனா நல்லாத்தானே வந்திருக்கு?"

"செடிக்கு உம்மேல இரக்கம்," என்றேன் அவசரமாக.

"இனிமே உங்க கணக்குப்படியே பார்க்குறேன். இந்தக் குச்சியை நிஜமான வளர்பிறை வந்ததும் வெட்டிடுறேன். நீங்க சொன்ன மாதிரி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனி அவனுக்கு நிலா சரியாகத் தெரியும், என் பொய்யும் அவனிடம் பத்திரமாக இருக்கிறது. நிஜ வளர்பிறையில் வெட்டுவான். குச்சி நெட்டையாகப் போகும், அடி மொட்டையாக நிற்கும். என் சந்து எனக்குத்தான். உண்மையைச் சொல்லியே ஜன்னலைக் காப்பாற்றிவிட்டேன். சந்தோஷத்தில் இன்னொரு மாத்தே ஊற்றிக்கொண்டேன்.

"மைலினுக்குப் பேப்பர் வந்துடுச்சு," என்றான் ஒஸ்னியேல். "டிசம்பர்ல வர்றா."

"அட. இதையில்லடா முதல்ல சொல்லணும்?"

"அதுக்குள்ள இந்த ஓட்டை அடையணும். அதான் எனக்குப் பயம்."

"ஓட்டை இருந்தா அவ வரமாட்டாளா?"

அவன் காப்பிக் கோப்பையைக் கையில் உருட்டினான். "எங்க வீட்டுக்கு எதிர்ல ஒரு அம்மா இருந்தாங்க. நாங்க எப்ப போறோம், எப்ப வர்றோம், பையில என்ன இருக்கு, யாரு வந்துட்டுப் போனாங்கன்னு எல்லாம் அவங்க நோட்டுல இருக்கும். யாருகிட்டக் கொடுப்பாங்கன்னு கேக்காதீங்க. பதினோரு வருஷம். மைலின் துணி காயப்போடக்கூட இருட்டினப்புறம்தான் போவா. நான் கிளம்புறப்போ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. வீடு எப்படி வேணாலும் இருக்கட்டும், யாரும் பார்க்காத ஒரு முற்றம் வேணும்னு."

நான் மாத்தே குழலை வாயிலிருந்து எடுத்தேன்.

"உங்களைப் பத்தி அவகிட்டச் சொல்லியிருக்கேன்," என்றான். "இங்க பக்கத்து வீட்டு அம்மா அப்படி இல்ல, வேலி அடைச்சு வர எந்தப் பிறையில வெட்டணும்னு அவங்களே சொல்லிக் கொடுத்தாங்கன்னு. அதைக் கேட்டப்புறம்தான் அவளுக்கு வரணும்கிற தைரியமே வந்துச்சு."

அன்று சாயங்காலம் இரண்டு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்தேன். பிரித்து மறுபடி தைத்தேன். வெட்கமாக இருந்தது, அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் நோட்டு வைத்திருக்கவில்லை, உண்மைதான். ஆனால் அவனிடம் எத்தனை சட்டை, எந்தக் கிழமை எது துவைப்பான் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். அந்த நோட்டுக்கார அம்மாவும் முதலில் சும்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்துதான் இருந்திருப்பாள்.

மறுநாள் ஞாயிறு. காலையில் நிலா மேற்கே இருந்தது, வலப்பக்கம் வயிறு. தேய்பிறை முடிய இன்னும் பத்து நாள். நான் மேஜையிலிருந்த கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். துணி வெட்டும் கத்தரி. அதால் காகிதத்தைக்கூட வெட்டவிடமாட்டேன், ருபேன் ஒருமுறை மீசையை வெட்டியதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தவள் நான். கம்பிவலைக்கு மேல் கையை நீட்டி, அந்தக் குச்சியை அடியிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினேன்.

ஒஸ்னியேல் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தவன் அப்படியே நின்றான்.

"என் உயிரே, இன்னிக்குத் தேய்பிறை. நீங்கதானே நேத்து காட்டினீங்க?"

"ஆமா. அடர்த்தியா வரணும்னா தேய்பிறையிலதான் வெட்டணும். உங்கிட்டப் பொய் சொன்னேன்."

"எப்ப?"

"நீ வந்து கேட்டியே, அன்னிக்கே. உன் வேலி அடைஞ்சுடக்கூடாதுன்னு சொன்னேன். நீ நிலாவைத் தப்பாப் பார்த்ததால தப்பிச்சே."

"எதுக்கு?"

நான் திரும்பி என் ஜன்னலைக் காட்டினேன். அவன் அதை முதல் தடவையாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான். மெஷின், நாற்காலி, அங்கிருந்து நேர்கோட்டில் சந்து, சந்துக்கு அப்பால் வாளி. வாயில் நுரையோடு அந்தக் கோட்டைக் கண்ணால் அளந்து வாளி வரைக்கும் போனான். அங்கேயே நின்றான்.

"எல்லாம் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். ஜூலைல மழையில அதுமேல உக்காந்திருந்தியே, அதுவும்."

அவன் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தான். முகத்தையும் கழுவினான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப அந்த ரொட்டி," என்றான், "கணக்குத் தெரியாம சுட்டது இல்ல."

"இல்ல."

அவன் குனிந்து, நான் வெட்டிய இடத்தைத் தடவிப் பார்த்து, "கோணலா வெட்டியிருக்கீங்க," என்றான். தன் கத்தரியைக் கொண்டுவந்து சரிசெய்தான்.

டிசம்பருக்குள் சந்து முழுக்க அடையவில்லை. அடியிலிருந்து ஏழு கிளை வந்தது, ஆனால் முழங்கால் உயரம்தான். அதனால் மைலின் வருவதற்கு முன்தினம் நெல்பாவைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மெஷினைத் தெருப்பக்க ஜன்னலுக்கு மாற்றினேன். வெளிச்சம் நன்றாகத்தான் வருகிறது. ஒரு நாளைக்கு நாலு சைக்கிள், ஒரு பால் லாரி.

இப்போது சந்தும் அடைந்துவிட்டது. மைலினை ரொட்டிக் கடையில் பார்ப்பேன், சிரிப்பாள், என்னை அவளும் 'என் உயிரே' என்பாள். பட்டப்பகலில் துணி உதறும் சத்தம் கேட்கும். சில சமயம் அவர்கள் இரண்டு பேரின் குரலும் உயரும், சில சமயம் நாள் முழுக்க ஒரு சத்தமும் வராது. என்னவாக இருக்கும் என்று எனக்குக் குடையாமல் இல்லை. எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் ஒன்று. அந்த வாளிமேல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இனி எனக்குத் தெரியாது. அதனால் மழை பெய்கிற ஒவ்வொரு நாளும் இரண்டு பங்கு மாவு பிசைகிறேன்.